மார்க்கெட் தெரிந்தவர் ஏன் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்?

5 அக்டோபர் 2024, வாசகர் கேள்வி

வணக்கம் மேடம். கோத்தகிரி பக்கம் கிராமம். எம்.காம். கடைசி வருஷம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. நிதிச்சந்தையில பிஎச்.டி. பண்ணி பேராசிரியர் ஆகணும்னு ஆசை. போன மாசம் பங்குச்சந்தையைக் கண்காணிக்கற செபியோட அறிக்கை வந்ததுல இருந்து வீட்ல பஞ்சாயத்து. எஃப் அண்ட் ஓ-வுல (பங்கோட பின்னால வரப்போற விலையை வச்சுப் பண்ற ஒப்பந்த வியாபாரம்) 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு போட்டிருக்கு, இதைப் போய்ப் படிக்கப் போறியான்னு மாமா கேக்கறார். "மார்க்கெட் நிஜமாவே தெரிஞ்சவரா இருந்தா அந்த வாத்தியார் ஏன்டா மாசச் சம்பளத்துக்குச் சாக்பீஸ் பிடிக்கறார்?"னு வேற கேக்கறார். எனக்குப் பதில் வரல. நீங்க இதே துறையில இருந்து ரிட்டையர் ஆனவங்கன்னு சொன்னாங்க. மலையில இருந்து போறவனுக்கு இது பொழப்புக்கு ஆகுமா?

6 அக்டோபர் 2024

மாமா கேட்டதில் தப்பில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டிலேயே இதைக் கேட்டார்கள்.

முதலில் அந்த அறிக்கை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், செலவும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய் அளவில். இதை யூடியூப் அண்ணன்கள் சொல்லவில்லை. கணக்கு கணக்காகப் பிரித்து, புரோக்கரேஜையும் வரியையும் கழித்து, உட்கார்ந்து கூட்டியவர்கள் சொன்னார்கள். நீங்கள் ஆசைப்படுவது அந்தக் கூட்டல் வேலைக்குத்தான். படிக்காதே என்று உங்கள் மாமா எடுத்த தடியே இந்தத் துறை வெட்டிக் கொடுத்தது.

அடுத்து சம்பளம். யூஜின் ஃபாமா என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர், கல்லூரியில் முதலில் படித்தது பிரெஞ்சு. படிக்கும்போதே, அங்கிருந்த ஒரு பேராசிரியர் நடத்திய பங்குக் கணிப்புச் சேவைக்கு வேலை பார்த்தார். பழைய விலைகளைப் பார்த்து, இப்படி வந்தால் வாங்கு, அப்படி வந்தால் விற்றுவிடு என்று விதி கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்த விதியெல்லாம் பழைய விலையில் ஜோராக ஓடும். சோதிப்பதற்கென்று தனியாக எடுத்து வைத்த விலையில் போட்டால் படுத்துவிடும். அங்கே பிடித்த சந்தேகத்தை அவர் விடவில்லை. சிகாகோ போய், தகவல் எல்லாம் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்று 1970-இல் கட்டுரை எழுதி, 2013-இல் நோபல் வாங்கினார். இன்று போனில் 'பேக்டெஸ்ட்' (ஒரு விதியைப் பழைய விலையில் ஓட்டிப் பார்ப்பது) பார்த்துவிட்டு வேலையை விடத் துடிக்கிற பையன்கள் எல்லோரும் ஃபாமா அன்று பார்த்த முதல் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சரி, சில விதிகள் நிஜமாகவே வேலை செய்கின்றன என்றே வைப்போம். மெக்லீன், பொன்டிஃப் என்று இருவர் 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இதை வைத்துப் பங்கின் லாபத்தை முன்கூட்டிச் சொல்லலாம் என்று ஆய்விதழ்களில் வந்த 97 விஷயங்களை எடுத்து, பிற்பாடு அவை என்ன ஆயின என்று பார்த்தார்கள். ஆய்வுக்கு எடுத்த காலத்தைத் தாண்டியதும் லாபம் 26 சதவீதம் குறைந்தது. கட்டுரை அச்சான பிறகு 58 சதவீதம். ஊருக்குச் சொன்னால் லாபம் போய்விடும். சொல்லாவிட்டால் புரொஃபசர் வேலை கிடைக்காது. மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

6 அக்டோபர், இரவு

பாடம் நடத்திக்கொண்டே பணம் பண்ணப் போனவர்களும் உண்டு. மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன். ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பிற்பாடு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைச் சூத்திரத்துக்காக 1997 அக்டோபரில் நோபல். இருவரும் பங்குதாரர்களாக இருந்த எல்.டி.சி.எம். ஃபண்ட் 1998 செப்டம்பரில் கவிழ்ந்தது. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இதை மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

9 அக்டோபர் 2024

பிஎச்.டி.க்குத் தலைப்பு எப்படிப் பிடிப்பது என்று தனியாகக் கேட்டிருக்கிறார் கோத்தகிரித் தம்பி. எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நான் எடுத்தது பத்லா. பம்பாய் பங்குச்சந்தையில் வாங்கியதற்கு முழுப் பணம் கட்டாமல் அடுத்த கணக்குக்குத் தள்ளிக்கொண்டே போகும் ஏற்பாடு. பதிவு செய்த ஈரம் காயவில்லை, 1993 டிசம்பரில் செபி அதற்குத் தடை போட்டது. வழிகாட்டியிடம் அழாத குறையாகப் போய் நின்றேன். "நல்லதுதானேம்மா, தடைக்கு முன், தடைக்குப் பின்னு ரெண்டு அத்தியாயம் ஆச்சு" என்றார். 1996-இல் திருத்தங்களோடு பத்லா திரும்பி வந்தது. மூன்றாவது அத்தியாயம். 1997-இல் ஐ.ஐ.எம். அகமதாபாத் பேராசிரியர் ஜே.ஆர். வர்மா தலைமையிலான குழுவின் யோசனைப்படி விதிகள் இன்னொரு தடவை மாறின. அதற்கும் எழுதினேன். ஆய்வேடு ஒப்படைத்து, பட்டம் வாங்கி, அதிலிருந்து ஒரு கட்டுரையை அச்சேற்றப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், 2001 ஜூலையில் பத்லா ஒரேயடியாகப் போனது. கட்டுரையை மதிப்பிட்டவர் திருப்பி எழுதிய குறிப்பில் முதல் வரி: ஆசிரியர் எல்லா வாக்கியங்களையும் இறந்தகாலத்துக்கு மாற்றவும்.

13 அக்டோபர் 2024

பத்லா என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டாயிற்று. இப்போதைய பிள்ளைகளுக்கு இன்று வாங்கினால் மறுநாள் டீமேட்டில் வந்து உட்கார்ந்துவிடும், 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குக்கும் அதுதான் கணக்கு. அன்றைக்கு அப்படி இல்லை.

பம்பாயில் கடைசிக் காலத்தில் வாரக் கணக்கு. வாரம் முழுக்க வாங்கியதையும் விற்றதையும் கழித்து, மிச்சத்துக்குத்தான் பணமோ பங்கோ கைமாறும். ஏறும் என்று நம்பி ஆயிரம் பங்கு வாங்கியவரிடம் வார முடிவில் பணம் இல்லை. சனிக்கிழமை பத்லா அமர்வு நடக்கும். அங்கே ஒரு நிதியாளர் அவருக்காகப் பணத்தைக் கட்டிப் பங்கை எடுத்துக்கொள்வார். அடுத்த கணக்கில் வட்டியோடு கொடுத்து அதை இவர் மீட்க வேண்டும், அல்லது மறுபடியும் தள்ள வேண்டும். அந்த வட்டிதான் பத்லா. ஊரே வாங்கி வைத்துக்கொண்டு காசில்லாமல் நின்றால் விகிதம் எகிறும். கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் அதிகமானால் எல்லாம் திரும்பிவிடும், பங்கை இரவல் கொடுப்பவருக்குக் கூலி. அதற்கு உந்தா பத்லா என்று பெயர்.

ஆக, அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் இந்த வாரம் கழுத்தளவு யார் இருக்கிறார்கள் என்று தெரியும். விகிதங்கள் பொருளாதார நாளிதழ்களில் வரும். நூலகத்தில் பழைய கட்டுகளைப் பிரித்து, கட்டம் போட்ட நோட்டில் கையால் எழுதி எடுத்தேன். கரையான் தின்ற வாரங்களுக்கு எண் கிடையாது. ஆய்வேட்டில் அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். வாய்மொழித் தேர்வில் ஒருவர் "ஏன் சராசரி போட்டு நிரப்பவில்லை?" என்றார். பத்லா விகிதம் ஒரே வாரத்தில் தலைகீழாகும், முன்னும் பின்னும் பார்த்து நடுவில் என்ன இருந்தது என்று எப்படிச் சொல்வது என்றேன். விட்டுவிட்டார்.

14 அக்டோபர் 2024

பொருளாதார நோபல் அறிவித்தாயிற்று. அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன். இந்தத் தடவை எங்கள் ஆட்களுக்கு இல்லை.

2013 வேடிக்கையை மறக்க முடியாது. விலையில் தகவல் எல்லாம் ஏறியிருக்கிறது என்கிற ஃபாமாவுக்கும், விலை கண்டபடி துள்ளுகிறது என்கிற ஷில்லருக்கும் ஒரே வருடம் கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் ஹேன்சன், இந்த மாதிரிக் கோட்பாடுகளைத் தரவில் வைத்துச் சோதிக்கும் முறையைக் கொடுத்தவர். நெட் பரீட்சையில் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு) கேட்டால் மூன்று பெயரையும் எழுதுங்கள், சண்டையில் யார் ஜெயித்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.

20 அக்டோபர் 2024

"எங்க காலேஜ்ல டேட்டாபேஸ் இல்ல மேடம்." எதிர்பார்த்ததுதான். சி.எம்.ஐ.இ. நிறுவனத்தின் புரொவெஸ் டேட்டாபேஸ் வாங்கச் சின்னக் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். தேசிய பங்குச்சந்தை தினமும் சந்தை முடிந்ததும் தன் தளத்தில் பாவ்காபி போடுகிறது. ஒவ்வொரு பங்குக்கும் தொடக்க விலை, உச்சம், அடி, முடிவு விலை, கைமாறிய எண்ணிக்கை, தொகை. காசில்லை.

அதை வைத்து என்ன செய்யலாம்? யாகோவ் அமிஹுத் 2002-இல் ஒரு அளவைக் கொடுத்தார். அன்றைக்கு விலை எத்தனை சதவீதம் நகர்ந்தது (ஏற்றமோ இறக்கமோ, குறியை விட்டுவிடுங்கள்), அதை அன்று கைமாறிய தொகையால் வகுத்து, பல நாட்களுக்குச் சராசரி எடுங்கள். இரண்டு பங்கு, இரண்டும் இன்று 2 சதவீதம் நகர்ந்தன. ஒன்றில் 100 கோடிக்கு வியாபாரம் நடந்தது, மற்றதில் 10 லட்சத்துக்கு. இரண்டாவதில் கொஞ்சம் பணத்தோடு நுழைந்தாலே விலை ஆடுகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் சூத்திரம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இதன் மேல் நிற்கின்றன. எக்செல் போதும். (போதாது, கோப்பு பெரிதானதும் தொங்கும். ஆர் என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்.)

இரண்டு குழி இருக்கிறது, விழாதீர்கள். முதலாவது போனஸ். பாவ்காபியில் இருப்பது அன்றன்றைய விலை, யாரும் சரிசெய்து தர மாட்டார்கள். இன்ஃபோசிஸ் 2004-இல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு போனஸ் கொடுத்தது. ஒன்று நான்காகும்போது விலை கால் பங்காகும். சரிசெய்யாமல் ஓட்டினால் ஒரே நாளில் 75 சதவீதச் சரிவு என்று கணினி சொல்லும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இதே மாதிரி ஓட்டிவிட்டு, நல்ல செய்திக்கு இந்திய முதலீட்டாளர்கள் பீதியடைகிறார்கள் என்று அத்தியாயமே எழுதிக்கொண்டு வந்தாள். நன்றாகவும் எழுதியிருந்தாள், அதுதான் வருத்தம்.

இரண்டாவது, இன்று உயிரோடு இருக்கும் கம்பெனிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போவது. 1990களின் நடுவில் பொதுமக்களிடம் பணம் திரட்டிவிட்டுக் காணாமல் போன கம்பெனிகள் ஏராளம். அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லோரும் லாபம் பார்த்த மாதிரியே வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1960-இல் சி.ஆர்.எஸ்.பி. மையம் தொடங்கியபோது, 1926 முதல் நியூயார்க்கில் பட்டியலான பங்குகளின் விலையை, செத்த கம்பெனியையும் விடாமல் சேர்த்தார்கள். ஃபாமா போன்றவர்கள் நின்றது அந்தக் குமாஸ்தா வேலையின் தோள் மேல்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: "அத்தை, எதை வாங்கலாம்?" நேற்று சாயங்காலம் முகூர்த்த வர்த்தகம் வேறு. கூடத்தில் ஆளுக்கொரு போன். என்னிடம் இருப்பது இண்டெக்ஸ் ஃபண்டு, பேங்க் டெபாசிட், ஒரே ஒரு கிறுக்குத்தனமான பங்கு. அந்தப் பங்கைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

அக்கா பையனுக்கு பார்பர், ஓடியன் கணக்கைச் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு தள்ளுபடித் தரகரிடம் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்கள், 1991 முதல் 1996 வரை. சந்தை வருடத்துக்கு 17.9 சதவீதம் கொடுத்தது. அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4. "அதெல்லாம் அமெரிக்காக்காரன் அத்தை" என்றான். செபி அறிக்கையை எடுத்துக் காட்டினேன். வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டே "சரி, இன்னிக்கு மட்டும்" என்றான்.

10 நவம்பர் 2024

"கட்டுரை எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கீழே ஒருவர். பெரும்பாலான கட்டுரைகளால் ஒன்றுமில்லை, என்னுடையவை உட்பட. ஆனால் இந்த ஒன்றைக் கேளுங்கள்.

வில்லியம் கிறிஸ்டி, பால் ஷூல்ட்ஸ். இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். அப்போது அங்கே பங்கு விலை டாலரில் எட்டில் ஒரு பங்காக நகரும், அதாவது பன்னிரண்டரை செண்டு. நாஸ்டாக் சந்தையில் தரகு நிறுவனங்கள் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று போடும். நடுவில் இருக்கும் இடைவெளி அவர்களுக்கு. கிறிஸ்டியும் ஷூல்ட்ஸும் 1991-ஆம் வருட விலைகளைப் பரப்பிவைத்து எட்டில் எத்தனை என்று எண்ணினார்கள். எட்டில் இரண்டு இருக்கிறது, நான்கு இருக்கிறது, ஆறு இருக்கிறது. எட்டில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு எங்கே? அதிகம் வியாபாரமாகும் 100 பங்குகளில் 70 பங்குகளுக்கு ஒற்றைப்படை எட்டுகளே கிட்டத்தட்டக் கிடையாது. அத்தனை நிறுவனங்கள் போட்டி போடும் இடத்தில் ஒருவருக்குக்கூட ஒற்றைப்படை தோன்றவில்லை என்றால்? ஒற்றைப்படை இல்லாவிட்டால் இடைவெளி குறைந்தது கால் டாலர். சொல்லாமல் கொள்ளாமல் எல்லோரும் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்ற சந்தேகத்தைக் கட்டுரையில் எழுதினார்கள்.

1994 மே 26, 27 தேதிகளில் செய்தித்தாள்களில் விஷயம் வந்தது. 27-ஆம் தேதியே ஆம்ஜென், சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் பங்குகளில் ஒற்றைப்படை எட்டுகள் திடீரென்று முளைத்தன. இடைவெளி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அடுத்த வியாபார நாளில் இன்டெல், ஆப்பிள். கட்டுரை ஆய்விதழில் அச்சாக டிசம்பர் ஆனது, அதற்குள் சந்தை மாறிவிட்டது! பிறகு அரசு விசாரணை, முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கு, 100 கோடி டாலருக்கு மேல் சமரசத் தொகை. 2001-இல் அமெரிக்கச் சந்தைகள் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று எல்லாவற்றையும் விட்டு செண்டுக் கணக்குக்கு வந்தன.

இதில் பெரிய கணிதம் ஒன்றும் கிடையாது. எண்ணிப் பார்த்தார்கள். எண்ண வேண்டும் என்று தோன்றியதுதான் அவர்களின் படிப்பு.

17 நவம்பர் 2024

எங்கிருந்து இதில் நுழைந்தீர்கள் என்ற கேள்விக்கு இத்தனை நாள் பத்லாவைக் காட்டித் தப்பித்துவிட்டேன்.

அப்பா குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் குமாஸ்தா. ஏலம் வியாழன், வெள்ளி. அதற்கு முன் கேட்டலாக் வரும். லாட் (ஒரே தடவையில் ஏலம் விடும் சரக்கு) நம்பர், தொழிற்சாலை மார்க், கிரேடு, மூட்டை, கிலோ. டீயைச் சுவைத்துப் பார்ப்பவர் சொல்லும் மதிப்பை அப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். ஏலம் முடிந்ததும் விற்ற விலையைப் பக்கத்திலேயே மையால். வேலை முடிந்த கேட்டலாக் வீட்டுக்கு வரும், எனக்கு ரஃப் நோட்டு. பின்பக்கம் கணக்குப் போடுவேன். முன்பக்கத்தைத் திருப்பினால் எஸ்.ஆர்.டி. என்ற டஸ்ட் (தூள்) கிரேடு வரிசையில் பென்சிலும் மையும் பக்கம் பக்கமாக நிற்கும். சில வாரம் இரண்டும் ஒட்டி வரும். சில வாரம் வரிசையாக எல்லா லாட்டிலும் மை கீழே இருக்கும். ஏன்ப்பா என்றால், "இந்த வாரம் வாங்கற ஆள் வரல" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "கடைசிப் பக்கத்து லாட்டுக்குக் காசு வராது."

வெகுகாலம் கழித்து ஆர்லி ஆஷன்ஃபெல்டரின் 1989 கட்டுரையைப் படித்தேன். திராட்சை ஒயின் ஏலத்தில் ஒரே ஒயினை அடுத்தடுத்து லாட்டாக விட்டால், பிந்தி வரும் லாட்டுக்கு விலை குறைகிறது என்று காட்டியிருந்தார். கோட்பாட்டுப்படி அப்படி நடக்கக் கூடாது, அதனால் அதைப் புதிர் என்றார்கள். எங்கள் வீட்டில் அது புதிராக இல்லை.

தம்பி, உங்களுக்குச் சொல்ல வருவது இதைத்தான். நீங்கள் நிஃப்டியைப் பற்றி எழுதப் போனால் உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். பஸ் பிடித்தால் குன்னூர் ஒரு மணி நேரம்கூட இல்லை. அங்கே வாராவாரம் ஒரு சந்தை விலை கண்டுபிடிக்கிறது. தேயிலை வாரியத்தின் தென்னிந்திய அலுவலகம் அங்கே, தோட்டக்காரர்கள் சங்கமான யுபாசி அங்கே, புரோக்கர்கள் அங்கே. அந்த ஏல விலையை வைத்துத்தான் வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்கு விலை சொல்கிறது, அதுதான் உங்கள் அப்பா கொழுந்துக்கு வாங்கும் காசு. இலை விலை கட்டவில்லை என்று நம் மலையில் வருடக்கணக்காகப் போராட்டம் நடக்கிறது. ஏல விலையில் எவ்வளவு தரம், எவ்வளவு வாங்குபவர்களின் எண்ணிக்கை, எவ்வளவு நேரம், இடம் சார்ந்த விஷயம் என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். 2020-இல் மில்கிராம், வில்சன் இருவருக்கும் நோபல் கிடைத்தது ஏலக் கோட்பாட்டுக்கு. வில்சன் ஆரம்பத்திலேயே காட்டிய ஒன்று: சரக்கின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாத ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர். அதற்குப் பயந்து விவரம் தெரிந்தவர்கள் குறைத்தே கேட்பார்கள். பென்சிலுக்குக் கீழே மை போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், வாங்கும் கைகள் சில மட்டும் இருப்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரிப்பதற்குத்தான் பிஎச்.டி.

18 நவம்பர்

குன்னூரில் இப்போது யாரும் கூவி ஏலம் விடுவதில்லை, எல்லாம் திரையில் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். தெரியும் ஐயா, அதனால்தான் அது இன்னும் நல்ல தலைப்பு. கூவின காலம், திரைக் காலம்.

24 நவம்பர் 2024

மேலே பத்லா கதையைச் சிரிப்பாகச் சொல்லி விட்டுவிட்டேன். யோசிக்க யோசிக்க, வழிகாட்டி சொன்னதுதான் இந்தத் துறையின் பிழைப்பே. சந்தையை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க முடியாது. யாராவது விதியை மாற்றினால்தான் உண்டு.

இந்த வாரமே மாற்றியிருக்கிறார்கள். எஃப் அண்ட் ஓ-வில் 20-ஆம் தேதியிலிருந்து ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு இண்டெக்ஸில்தான் வார எக்ஸ்பைரி, அதாவது வாராவாரம் கணக்கு முடியும் ஒப்பந்தம். ஒரு கான்ட்ராக்டின் குறைந்தபட்ச அளவையும் 15 லட்சம் ரூபாய்க்கு உயர்த்துகிறார்கள். அடுத்த வருடம் நாடு முழுக்க 'முன்-பின்' கட்டுரைகளாகக் கொட்டும் பாருங்கள். எழுதப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல விதிகளை ஒட்டி ஒட்டி மாற்றியிருக்கிறார்கள், சந்தையும் அக்டோபரிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. வியாபாரம் குறைந்தால் எதனால் குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து ஒருவர், பூண்டுக்கும் இதே மாதிரி செய்ய முடியுமா, நாங்கள் வடுகபட்டிச் சந்தைக்குத்தான் கொண்டு போகிறோம் என்கிறார். ஏன் முடியாது? ஆனால் மண்டியில் விலை எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாத சந்தையைப் படிக்க, நீங்களே போய் வாராவாரம் நின்று எழுத வேண்டும். பனிக்காலத்தில் கீழே இறங்குவது சுகம்தான், போங்கள்.

8 டிசம்பர் 2024

கட்டுரை அச்சாவதைப் பற்றி. சுருக்கமாக, ஏனென்றால் பேசினால் ரத்த அழுத்தம்.

எங்கள் துறையில் உச்சத்தில் மூன்று ஆய்விதழ்கள், மூன்றும் அமெரிக்காவிலிருந்து. கட்டுரை அனுப்பவே கட்டணம் உண்டு, திருப்பி அனுப்பினாலும் அது வராது. ஃபிஷர் பிளாக்கும் ஷோல்ஸும் எழுதிய ஆப்ஷன் கட்டுரையையே முதலில் இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மெர்ட்டன் மில்லரும் ஃபாமாவும் எடுத்துச் சொன்ன பிறகு, முதலில் மறுத்த இதழே 1973-இல் போட்டது. பிளாக் 1995-இல் இறந்துவிட்டார், நோபல் வந்தது 1997-இல்.

இன்னொரு கோடியில் நம் ஊர் நிலைமை. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்றார்கள். உடனே காசு கட்டினால் ஒரே வாரத்தில் போடும் இதழ்கள் முளைத்தன. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், அங்கீகாரக் குழு வரும் வருடம் ஆளுக்கு இத்தனை கட்டுரை என்று சர்க்குலரே வந்தது. பத்லா கட்டுரையோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவள் நான், அந்த வருடப் பட்டியலில் கடைசியில் இருந்தேன். முதலில் இருந்தவரின் கட்டுரைகளில் ஒன்று மீன்வளர்ப்பு இதழில் வந்திருந்தது. தலைப்பு மியூச்சுவல் ஃபண்ட்.

12 ஜனவரி 2025

உறைபனி. காலையில் பார்த்தால் பள்ளத்துத் தேயிலையெல்லாம் பழுப்பு. தம்பி வீட்டுத் தோட்டம் தப்பித்ததாம்.

அவர் கேட்ட பிழைப்புக் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். நெட் எழுதுங்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து அந்த மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் ஆகிறது. அதில் நல்ல மதிப்பெண்ணுக்குத் தரும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30, இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடி, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு. ஐ.ஐ.எம்.களும் உதவித்தொகையோடு எடுக்கிறார்கள். 2017 சட்டத்துக்கு முன்னால் அவர்கள் 'ஃபெலோ' என்றுதான் பட்டம் கொடுத்தார்கள், இப்போது பிஎச்.டி. என்றே கொடுக்கிறார்கள். அங்கே கணிதம் கேட்பார்கள். எம்.காம். பாடத்தில் இருக்கும் புள்ளியியல் போதாது, இன்றே நேரியல் இயற்கணிதத்தையும் எக்கனாமெட்ரிக்ஸையும் தனியாக ஆரம்பியுங்கள்.

உதவித்தொகை இல்லாமல், கடன் வாங்கி, பகுதிநேரமாக, யாரோ ஒரு வழிகாட்டியிடம் சேரவே சேராதீர்கள். நவம்பரில் ஏலத் தலைப்பைப் பற்றி ஆசையாக எழுதியபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும்: தலைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டில் சாப்பாட்டுக்குக் கணக்குத் தெரியாமல் இதில் இறங்கக் கூடாது. முடித்த பிறகும் அரசுக் கல்லூரியில் நிரந்தர இடம் வரும் வரை கௌரவ விரிவுரையாளர் சம்பளம்தான். இடம் வந்தால் உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு. விடைத்தாள், ஆண்டு விழா, தேர்தல் பணி எல்லாம் போக, ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது இரவு. எனக்கு மிஞ்சியது அதுதான். பிடித்திருந்தது, அதனால் செய்தேன். பிடிக்காதவர்கள் நிறையப் பேர் அறுபது வயது வரை சிடுசிடுவென்றே இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

16 பிப்ரவரி 2025

யு.ஜி.சி. தன் கேர் பட்டியலை (தான் ஒப்புக்கொண்ட ஆய்விதழ்களின் பட்டியல்) நிறுத்திவிட்டது, எந்த இதழ் நல்ல இதழ் என்பதை இனி அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்ய வேண்டுமாம். மீன்வளர்ப்பு இதழுக்கு நல்ல காலம்.

23 பிப்ரவரி 2025

தம்பி எழுதியிருக்கிறார்: நெட் டிசம்பர் சுற்று எழுதினாராம், ஜனவரியில் நடந்தது, முடிவு தெரிந்தாயிற்று, உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது, ஜே.ஆர்.எஃப். கொஞ்சத்தில் போய்விட்டது. ஜூனில் மறுபடி எழுதுங்கள். இடையில் ஏல விலைகளை வாராவாரம் கோப்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டாராம், லீஃப் தனி, டஸ்ட் தனி. மாமாதான் பைக்கில் குன்னூர் கூட்டிப்போகிறாராம்! புரோக்கர் ஆபீசில் அவர் சிநேகிதர் ஒருவர் இருக்கிறாராம்.

அந்தக் கோப்பைப் பார்த்தேன். சராசரியை மட்டும் ஏற்றாதீர்கள் தம்பி. லாட் வாரியாக வேண்டும், விற்காமல் திரும்பிய லாட்டும் வேண்டும். அதுதான் முதலில் கேட்பார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூவி ஏலம் விட்ட காலத்து குன்னூர் கேட்டலாக், ஓரத்தில் மதிப்பும் விலையும் கையால் எழுதினது, யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எங்கள் வீட்டுக் கேட்டலாக்குகளில் பாதிக்கு மேல் நான் கணக்குப் போட்டுக் கிழித்தது போக மிச்சம் கொஞ்சம்தான். போனில் படம் பிடித்து அனுப்பினாலும் போதும், இரண்டு பக்கமும் தெரிய வேண்டும், வரிசை மாறக் கூடாது. கரையான் தின்ற இடத்தை நீங்களாக நிரப்ப வேண்டாம்.